ஏணி குடுத்தவங்களுக்கும் பாட்டில் குடுத்தவங்களுக்கும்

எல்லாருக்கும் வணக்கம். லேட்டாதான் எழுதுறேன், கோச்சுக்காதீங்க. ஜனவரி 6 ரேயெஸ் (மூணு ராஜாக்கள் திருநாள்) முடிஞ்சு அதுக்கு வெட்டி மிச்சமிருந்த ரோஸ்கா ரொட்டியும் காலியாகி இப்பதான் உக்கார நேரம் கெடச்சுது. தெருக்காரங்களுக்கு ஸ்பானிஷ்ல நன்றிக் கடிதம் ஒண்ணு எழுதி முனைக்கடை கதவுல ஒட்டியாச்சு (அதுல இருந்த தப்பெல்லாம் திருத்தினது எதிர்வீட்டு ஸ்கூல் பொண்ணு, சிரிச்சுக்கிட்டேதான் திருத்துச்சு, அதுக்கும் நன்றி). இது குவாதலஹாரால இருந்து லீவு நாள்ல ஒரு மணி நேரம் வண்டி ஓட்டிட்டு வந்து வேலை செஞ்ச, வர முடியாட்டியும் காசு போட்டுவிட்ட நம்ம ஆளுங்களுக்கு. கிறிஸ்துமஸுக்கு எங்க தெரு யார் யார் கையால அப்படி ஜோடிச்சு நின்னுச்சுன்னு நீங்க தெரிஞ்சுக்கணும்ல.

மொதல்ல ஒரு உண்மைய ஒத்துக்கிறேன், ஆரம்பத்துல நான் எதிர்க்கட்சி. அஹிஹிக் பத்தி உங்களுக்கு தெரியும், மெக்சிகோல சப்பாலா ஏரிக்கரைல இருக்குற ஊரு, 2020ல ‘புவெப்லோ மாஹிகோ’ன்னு மத்திய அரசு சுற்றுலாப் பட்டம் குடுத்தாங்க. மாய ஊராம். அந்தத் திட்டத்துக்குன்னு மத்திய அரசு தனியா குடுத்துட்டிருந்த காசு 2019லயே நின்னுபோச்சு, அதனால எங்களுக்கு பட்டம் மட்டும் வந்துச்சு, பணப்பை வரல. ஊர் அழகாக அழகாக வாடகையும் ஏறுது, இங்கயே பொறந்து வளர்ந்தவங்க பசங்க கல்யாணம் பண்ணி தனிக்குடித்தனம் போக வீடு கெடைக்காம திண்டாடுறாங்க. இதெல்லாம் பாத்துட்டு, தெருவுக்கு லைட்டு கட்டலாம்னு வசூல் நோட்டோட வந்த பக்கத்து வீட்டு தோன்யாகிட்ட (இங்க வயசானவங்கள மரியாதையா அப்படித்தான் கூப்பிடுவாங்க, நம்ம ஆச்சி மாதிரி) கல்லு ரோடு பள்ளமும் மேடுமா கெடக்கு, இதுல லைட்டு ஒரு கேடான்னு கேட்டுட்டேன். அந்தம்மா கோவமே படல. ரோட்டுக்கு நான் வரி கட்டுறேன், இது நான் ஆசைப்பட்டு செய்யறதுன்னு சொல்லிட்டு நோட்டுல என் பேர எழுதி தொகைய மட்டும் காலியா விட்டுட்டு போயிட்டாங்க. அடுத்த நாளே போட்டுட்டேன், வேற வழி?

அப்புறம்தான் கொஞ்சம் கேட்டு தெரிஞ்சுக்கிட்டேன். ராமோ 33ல (மாநிலத்துக்கும் முனிசிபாலிட்டிக்கும் மத்திய பட்ஜெட்ல ஒதுக்குற தலைப்பு) வர்ற சமூக உள்கட்டமைப்பு நிதி தண்ணி, சாக்கடை, இல்லாதவங்க வீடு மாதிரி விஷயத்துக்குத்தான், அத எடுத்து சீரியல் செட் வாங்க முடியாது. டிசம்பர் வந்தா எல்லாருக்கும் அகினால்தோ குடுக்கணும், அதாவது நம்ம தீபாவளி போனஸ், கம்பெனிக்காரங்களுக்கே சட்டப்படி கொறஞ்சது 15 நாள் சம்பளம், அதுவும் 20ந்தேதிக்கு முன்ன. எந்த முனிசிபாலிட்டியா இருந்தாலும் அந்த மாசம் கை கடிக்கத்தான் செய்யும். ஆக பிளாசாவும் மலெகோனும் (ஏரிக்கரை நடைபாதை) ஜொலிச்சாலே பெரிசு, உள்தெருவுக்கு நாமதான் பாத்துக்கணும். இதுல இன்னொரு கூத்து, நவம்பர் 22ல இருந்து 30 வரைக்கும் ஊர் சாமி சான் அந்த்ரேஸ் திருவிழா, ஒவ்வொரு நாளும் ஒரு தொழில்காரங்க செலவு, அப்படியே நம்ம மண்டகப்படிதான், ராத்திரி ஆனா வாணவேடிக்கை. அதுல எல்லார் பர்சும் காலியானதுக்கு மறுநாள் நாங்க நோட்ட தூக்கிட்டு போறோம்! அப்படியும் எந்த வீட்லயும் கதவ சாத்தல, காசு இல்லாதவங்க பாட்டில் குடுத்தாங்க.

பாட்டில்னா சும்மா இல்ல. ரெண்டு லிட்டர் கோக் பாட்டில் அடிய பாத்திருக்கீங்களா, அஞ்சு குமிழ் இருக்கும். அத மட்டும் வட்டமா வெட்டி, குமிழுக்கு நடுவுல கத்திரி விட்டு, ஓரத்த மெழுகுவர்த்தில லேசா காட்டினா சுருண்டு இதழ் மாதிரி வந்துரும், செவப்பு பெயிண்ட் அடிச்சா நோசேபுவேனா பூ (நம்ம நர்சரில பாயின்செட்டியான்னு விப்பாங்களே அதேதான், அதோட சொந்த ஊரே மெக்சிகோதான்). பச்ச பாட்டில் எல்லாம் இலை. ரிட்டயர்டு தச்சர் ஒருத்தர் வாசல்ல ஸ்டூல் போட்டு உக்காந்து மூணு வாரம் வெட்டினார், அவர் பெருவிரல்ல கத்திரி பதிஞ்ச தழும்பு இன்னும் இருக்கு. நன்றி சொன்னா கைய வீசி போப்பாங்கறார்.

பூவெல்லாம் தயார், எதுல கட்டுறது? காகிதத் தோரணம், அதான் பப்பேல் பிகாதோ, மொதல்ல கட்டி பாத்தோம், ஏரிக்காத்து ஒரே ராத்திரில கிழிச்சு எறிஞ்சிருச்சு. அப்பதான் மீன்காரர் ஒருத்தர் பழைய நைலான் வலை ரெண்டு கொண்டு வந்து போட்டார். ஐடியா அருமை, ஆனா நாத்தம் இருக்கே... ரெண்டு நாள் சோப்புத்தண்ணில ஊற வச்சும் தெருல இருக்குற பூனை எல்லாம் வலைக்குக் கீழயே குடித்தனம் பண்ணுச்சு. வலை மேல குரோஷா பின்னல் வட்டங்கள கோத்தது பெண்கள் கூட்டம், கூடவே மேல்தெரு கனடா பாட்டியும். இதே ஹாலிஸ்கோ மாநிலத்துல எத்சத்லான்னு ஒரு ஊரு இருக்கு, அங்க பொம்பளைங்க சேர்ந்து பின்னி தெருவுக்கே பந்தல் போட்டு 2019ல கின்னஸ் வாங்கினாங்க, 2,800 சதுர மீட்டருக்கு மேல. நாங்க போட்டது ஒரு தெருவுல பாதி. கின்னஸ்காரங்க வரல, பூனைங்க வந்துச்சு.

என் பங்குக்கு நான் செஞ்ச புத்திசாலித்தனத்தையும் சொல்லிடறேன். நெசப் பூவும் இருக்கட்டும்னு அக்டோபர்லயே பச்சையா இருக்கும்போது பத்து தொட்டி வாங்கி நல்லா வெளிச்சமா இருக்கட்டும்னு தெருவிளக்குக்குக் கீழ வரிசையா வச்சேன். நவம்பர் பாதியாகியும் ஒண்ணுகூட செவக்கல. தோன்யா வந்து பாத்துட்டு தலைல அடிச்சுக்கிட்டாங்க, அதுக்கு நீள ராத்திரி வேணுமாம், இருட்டுல இருந்தாத்தான் இலை செவக்குமாம். தொட்டிய எல்லாம் அவங்க கொல்லைப்பக்கம் தூக்கிட்டு போயி சாயங்காலமானா அட்டைப்பெட்டி போட்டு மூடி, காலைல தொறந்து, தினம் தினம். கிறிஸ்துமஸ் தாண்டி செவந்துச்சு, ஆனா செவந்துச்சு.

எலக்ட்ரீசியன் அண்ணனுக்கு தனியா ஒரு கும்பிடு. கடை பேர் வேணாம், ஒரு எடத்துல மலிவா கெடச்சுதுன்னு வாங்கின இருபது சீரியல் செட்ல ஏழு செட் மொத ராத்திரியே கண்ண மூடிருச்சு. மனுஷன் டெஸ்டர வச்சுக்கிட்டு ஒவ்வொரு பல்பா தொட்டு பாத்து அஞ்சுக்கு உசுரு குடுத்தார். கம்பத்துல இருந்து கொக்கி போட்டுக்கலாமேன்னு ஒரு பையன் கேட்டதுக்கு (இங்க அதுக்கு தியாப்லீத்தோன்னு பேரு, குட்டிச்சாத்தான்!) அதெல்லாம் வேணாம்னு கண்டிப்பா சொல்லி ரெண்டு வீட்டு மீட்டர்ல இருந்து லைன் இழுத்தார். நம்மூர் மாதிரியே இங்கயும் ரெண்டு மாசத்துக்கு ஒரு பில், வந்ததும் எல்லாரும் பங்கு போட்டுக்கணும், மறந்துறாதீங்க.

நம்ம செட்ல கோலம் போட்ட அக்காவுக்கு: கல்லு பாவின தெருல புள்ளி நிக்காதுன்னு தெரிஞ்சதும் விடாம சிமெண்ட் வாசல் ஒண்ண கண்டுபிடிச்சு போட்டீங்க பாருங்க, போசாதாவுக்கு (கிறிஸ்துமஸுக்கு முன்ன தெருத்தெருவா நடக்குற கொண்டாட்டம்) வந்த பசங்க அத மிதிக்காம தாண்டித் தாண்டி போச்சுங்க, மிட்டாய் அடைச்சு தொங்கவிட்ட பினியாத்தா ஒடஞ்சு மிட்டாய் அதுமேல விழுந்தப்பகூட குனிஞ்சு பொறுக்க யோசிச்சுதுங்க. பெரிய அண்டால போன்சே (சுடச்சுட குடிக்கிற பழச்சாறு) காய்ச்சின தம்பிங்களுக்கும் நன்றி, கரும்பு, கொய்யா, புளி, பட்டை, வெல்லம்னு எல்லாம் நமக்கு தெரிஞ்ச சாமான்தான், அந்த தெஹோகோத்தே பழத்த மட்டும் என்னான்னு தெரியாம முழுசா கடிச்சவரு பல்லு இப்ப எப்படி இருக்கு?

கணக்கு: வரவு 11,460 பெசோ, செலவு 11,120. ரசீது எல்லாம் கடைக்கதவுல ஒட்டியிருக்கு. எல்.ஈ.டியும் கம்பிக்கயிறும்தான் பாதி தின்னுச்சு, பெயிண்டுக்கு மூணாவது இடம். அந்த லைட்டுக்கு பதிலா கொஞ்சம் கூட போட்டு நல்லதா வாங்கியிருக்கலாம், அது என் தப்பு, ஒத்துக்கிறேன். மிச்சம் 340 பெசோ தோன்யாகிட்ட இருக்கு. போன வாரம் அவங்ககூட வீட்டுவரி கட்ட வரிசைல நின்னேன், முன்கூட்டி கட்டினா தள்ளுபடின்னு அவங்க முந்திக்கிட்டாங்க. கவுண்டர்ல இருந்த பொண்ணுகிட்ட ரோடு எப்ப போடுவீங்கன்னு அவங்கதான் கேட்டாங்க, நான் இல்ல.

பிப்ரவரி 2 கந்தெலாரியா (மெழுகுவர்த்தித் திருநாள்) அன்னிக்கு எல்லாத்தையும் எறக்கறோம். பூவ கழுவி அடுத்த வருஷத்துக்கு மூட்டை கட்டணும், பெரிய ஏணிய பள்ளிக்கூடத்துல திருப்பி ஒப்படைக்கணும், அதனால நாலு பேராவது வாங்க. அப்புறம் ரோஸ்கா வெட்டினப்ப யார் துண்டுல உள்ள வச்ச பொம்மை வருதோ அவங்கதான் அன்னிக்கு எல்லாருக்கும் தமாலெஸ் (சோளமாவ மடிச்சு ஆவில வேகவச்ச கொழுக்கட்டை மாதிரி) வாங்கித் தரணும்ங்கறது இங்க உள்ள வழக்கம். பொம்மைய வாய்ல ஒதுக்கி ஒண்ணும் தெரியாத மாதிரி போயிட்டாரே ஒரு தம்பி, தோன்யா பாத்துட்டாங்க. அறுபது தமாலெஸ், அதுல இருபது காரமில்லாம, சொல்லச் சொன்னாங்க.