பானைக் கோபுரம்

அம்முவுக்கு,

முழங்கால் வலி குறைந்துவிட்டது. அம்மாவிடம் தனியாக விசாரிக்க வேண்டாம்.

ரோமில் சாந்தா கொஸ்தான்சா என்ற அந்தப் பழைய கிறிஸ்தவக் கல்லறைக் கட்டடத்தில் நின்று நான், "என்னம்மா இது, சிலுவையைக் காணோம், கூரை முழுக்கத் திராட்சைக் கொடியாக இருக்கிறது" என்றதற்கு நீ சிரித்தாயே! பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியர்களே அதை மதுக்கடவுள் பாக்கஸின் கோயில் என்றுதான் நம்பினார்களாம். பழம் பறிக்கும் குழந்தைகள், மிதித்துச் சாறு எடுப்பவர்கள் எல்லாம் ரோமானியர் காலங்காலமாகப் போட்டுவந்த மொசைக். இயேசுவும் தன்னைத் திராட்சைச் செடி என்று சொல்லியிருந்ததால் எதையும் அழிக்க வேண்டியிருக்கவில்லை. சாமி மாறினால் மேஸ்திரியின் கையும் மாறிவிடுமா?

வட்ட வடிவமும் அப்படி வந்ததுதான். கி.மு. 28-இல் ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸ் தனக்கென்று எழுப்பிய கல்லறையே வட்டம். ஆனால் இங்கே உள்வேலை வேறு. 12 ஜோடித் தூண்கள், அவற்றின் மேல் குவிமாடம். சுற்றுப்பாதையின் வளைவுக் கூரையும் தடித்த வெளிச்சுவரும் குவிமாடத்தின் தள்ளலை வாங்கிக்கொள்வதால் நடுவில் சுவரே தேவைப்படவில்லை. பாதை இருட்டு, நடுவில் மேலிருக்கும் 12 ஜன்னல்களின் வெளிச்சம். முப்பது வருடம் கட்டடம் கட்டியும் எனக்கு இப்படித் தோன்றியதில்லை.

இந்தக் கல்லறைக்கு உரியவள், பேரரசர் கான்ஸ்டன்டைனின் மகள் கான்ஸ்டன்டினா, கி.பி. 354-இல் இன்றைய துருக்கிப் பக்கம் இறந்தாள். அவ்வளவு தூரத்திலிருந்து உடலைக் கொண்டுவந்து, கிறிஸ்தவ நம்பிக்கைக்காக உயிர்விட்ட வேதசாட்சி ஆக்னஸின் கல்லறைக்கு அருகில் வைத்தார்கள். அகஸ்டஸுக்கு இப்படி யார் பக்கத்திலும் இடம் தேட வேண்டியிருக்கவில்லை.

சரி, எழுத வந்தது வேறு விஷயம். நீ இருக்கும் தோர் பிஞ்ஞாத்தாராவின் பெயரில் 'தோர்' என்பது கோபுரம், 'பிஞ்ஞாத்தா' பானைதானாம்! கான்ஸ்டன்டைனின் தாய் ஹெலனாவின் கல்லறை அங்கேதான் இருக்கிறது. கூரையின் பாரம் குறையக் காரைக்குள் காலி ஜாடிகளைப் புதைத்துக் கட்டியிருக்கிறார்கள். மேல்பகுதி இடிந்து ஜாடிகள் வெளியே தெரிய, ஊருக்கே அது பெயராகிவிட்டது. அவளுடைய ஊதாச் சிவப்புக் கல்பெட்டி இப்போது வத்திக்கான் அருங்காட்சியகத்தில். கிழவியின் பெட்டியில் குதிரை வீரர்களும் கைதிகளும்! மகன் தனக்காகச் செய்துவைத்ததாக இருக்கும் என்கிறார்கள்.

உன் தெருவிலிருந்து நடந்தே போய்விடலாம் போலிருக்கிறது. ஜாடிகளை எப்படி வைத்திருக்கிறார்கள், படுக்கவா நிறுத்தியா, என்று கிட்டத்தில் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.

அப்பா