சப்போர்ட் வேலையில் சேர்ந்திருக்கும் மகளுக்கு

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

உன் மெசேஜ் படித்தேன். பகுதி நேரம், வீட்டிலிருந்தே, டெக் சப்போர்ட். ரொம்ப சந்தோஷம்டா. "வெறும் லெவல் 1 தான்மா, பாஸ்வேர்ட் மாத்திக் கொடுக்கிற வேலை" என்று எழுதியிருந்தாய். அப்படி நினைத்துக்கொண்டு அந்த வேலைக்குள் போகாதே. நானும் பல வருஷம் அந்த ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவள், அப்புறம் அப்படி உட்கார்ந்தவர்களில் யாரை அடுத்த நிலைக்கு அனுப்பலாம் என்று பார்க்கிற இடத்திலும் இருந்தவள். போனில் பேச ஆரம்பித்தால் நடுவில் உனக்கு ஷிப்ட் வந்துவிடுகிறது, அதனால் எழுதியே அனுப்புகிறேன். நீ கேட்டது ஒரே கேள்வி, இதிலிருந்து மேலே போவது எப்படி என்று.

ஆபீசில் உட்கார்ந்து வேலை செய்கிறவளுக்கு ஒரு வசதி உண்டு. பக்கத்து சீட்காரர் பார்ப்பார், கோபத்தில் கத்துகிற ஆளை அவள் எப்படி நிதானமாகச் சமாளிக்கிறாள் என்று மேனேஜர் காதில் தானாக விழும். உனக்கு அது இல்லை. வீட்டிலிருந்து வேலை, அதுவும் பாதி நாள். உன் மேனேஜர் சில கால் ரெக்கார்டிங்கைக் கேட்கலாம், எல்லாவற்றையும் கேட்க முடியாது. அவர் தினமும் பார்க்கப்போவது நீ டிக்கெட்டில், அதாவது ஒவ்வொரு புகாருக்கும் திறக்கிற பதிவில், எழுதிவைப்பதைத்தான், உன்னைப் பற்றி அங்கே உருவாகிற அபிப்பிராயம் முழுக்க அந்தக் குறிப்புகளிலிருந்து வரும். இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போகிற மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

பெரும்பாலானவர்கள் எப்படி எழுதுவார்கள் தெரியுமா? "நெட் வரவில்லை என்றார். ரீஸ்டார்ட் செய்யச் சொன்னேன். சரியாகிவிட்டது." இதைப் படிக்கிறவருக்கு ஒன்றும் கிடைக்காது. நாளைக்கு அதே ஆளுக்கு அதே பிரச்சினை வந்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். இதையே இப்படி எழுதிப் பார்: "வைஃபை இணைந்திருக்கிறது, எந்தத் தளமும் திறக்கவில்லை. ஐபி முகவரி 169.254 என்று தொடங்குகிறது. அதே மாடியில் வேலை செய்யும் இன்னொருவருக்குப் பிரச்சினை இல்லை. ஐபியை விடுவித்துப் புதுப்பிக்கச் சொன்னேன், சரியான முகவரி வந்தது. இன்று காலை லேப்டாப்பை வேறு மாடிக்கு எடுத்துப்போனதாகச் சொன்னார்." கூடுதலாக இரண்டு நிமிஷம் பிடிக்கும், அவ்வளவுதான். ஆனால் 169.254 என்று பார்த்தவுடனே, மெஷின்களுக்கு முகவரி கொடுக்கிற டிஎச்சிபி சர்வரிடமிருந்து முகவரி கிடைக்காமல் மெஷின் தானாகவே ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது என்று உனக்கு அடுத்த நிலையில் இருக்கிற லெவல் 2 ஆளுக்குப் புரிந்துவிடும். ஐபி முகவரிக்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கிற சோதனை) போகிறது, தளத்தின் பெயரைப் போட்டால் மட்டும் போகவில்லை என்று எழுதினால் பெயரை ஐபி முகவரியாக மாற்றிக் கொடுக்கிற டிஎன்எஸ்ஸை அவர் நேராகப் பார்ப்பார். இன்னொன்று, இப்படி எழுத வேண்டும் என்று மனதில் இருந்தாலே நீ கேட்கிற கேள்விகள் மாறிவிடும். நெட் இல்லாதவரின் மெஷினுக்குள் நீ ரிமோட்டில் நுழைய முடியாது, அவர் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்ல வைக்க வேண்டும், என்ன எழுதப்போகிறோம் என்று தெரிந்தவளுக்குத்தான் என்ன படிக்கச் சொல்வது என்றும் தெரியும்.

உன்னால் முடியாமல் மேலே அனுப்புகிற டிக்கெட் இருக்கிறதே, அதை எழுதும்போது இன்னும் கவனம். எரர் மெசேஜை உன் சொந்த வார்த்தையில் சொல்லாதே, திரையில் இருக்கிறபடி எழுத்துக்கு எழுத்து போடு. எப்போதிலிருந்து, வேறு யாருக்கெல்லாம், கடைசியாக என்ன மாறியது, நீ எதையெல்லாம் முயன்று பார்த்தாய், எது பலிக்கவில்லை, எல்லாம் அதில் இருக்கட்டும். பலிக்காததை மறைக்கிறவர்களை நிறைய பார்த்திருக்கிறேன், அது தேவையே இல்லை, ஏனென்றால் மேலே இருக்கிறவர் மறுபடி அதே வழியில் போய் அரை மணி நேரத்தைத் தொலைக்காமல் இருக்க அதுதான் உதவும். அனுப்பியதோடு மறந்துவிடவும் கூடாது. இரண்டு நாள் கழித்து அந்த டிக்கெட்டைத் திறந்து எப்படி முடித்தார்கள் என்று படி. புரியவில்லை என்றால் அந்த ஆளுக்கே ஒரு வரி எழுதிக் கேள், தன் வேலையைப் பற்றி உண்மையான ஆர்வத்தோடு கேட்டால் பெரும்பாலும் சந்தோஷமாகச் சொல்வார்கள். காசு செலவில்லாமல் லெவல் 2 வேலையைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. அடுத்து அங்கே ஒரு இடம் காலியாகும்போது உன் பெயர் அவர்களுக்கு ஏற்கெனவே பழக்கமாகவும் இருக்கும்.

நீ பகுதி நேரம் என்பதால் இன்னொரு விஷயம். பாதி வேலையில் உன் நேரம் முடிந்துவிடும், டிக்கெட் இன்னொருவர் கைக்குப் போகும். எங்கே நின்றது, அடுத்து என்ன செய்ய வேண்டும், யூசரிடம் எத்தனை மணிக்குத் திரும்ப அழைப்பதாகச் சொல்லியிருக்கிறாய், இந்த மூன்றும் கடைசி வரிகளில் இருக்க வேண்டும். சப்போர்ட்டுக்குப் போன் செய்கிறவர்களுக்கு மெஷின் பழுதானதை விடப் பெரிய எரிச்சல், நடந்த கதையை ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருப்பதுதான். அதே சமயம் நேரம் முடிந்தபிறகு "இந்த ஒன்றை மட்டும் முடித்துவிடுகிறேன்" என்று தினமும் சம்பளமில்லாமல் உட்காராதே. நல்ல பெயர் வரும் என்று தோன்றும், வராது, அந்த நேரம் யார் கணக்கிலும் ஏறாது. உன் நேரத்துக்கு வெளியே நடக்கிற டீம் மீட்டிங்குகளின் ரெக்கார்டிங்கோ குறிப்போ கிடைக்குமா என்று இப்போதே கேட்டு வை. புது சாப்ட்வேர் வரப்போகிறது, புது நடைமுறை வருகிறது என்கிற செய்தி பகுதி நேரத்தில் இருக்கிறவர்களுக்குத்தான் கடைசியாக வரும்.

எண்களைப் பற்றிக் கவலைப்பட்டிருந்தாய். ஒரு காலுக்குச் சராசரியாக எத்தனை நிமிஷம், முதல் காலிலேயே எத்தனை முடிந்தது, வாடிக்கையாளர் எத்தனை மார்க் போட்டார், எஸ்எல்ஏவுக்குள், அதாவது வாக்குக் கொடுத்த நேரத்துக்குள், முடிந்ததா, எல்லாமே கணக்கில் வரும். கொஞ்ச நாளைக்கு உன் நிமிஷக் கணக்கு அதிகமாகத்தான் இருக்கும், பயப்படாதே. நான் ஆள் பார்த்தபோது முதலில் பார்த்தது, மூடிய டிக்கெட்டில் எத்தனை மறுபடி திறக்கப்படுகிறது என்பதைத்தான். அவசரமாக மூடுகிறவர்கள் அங்கே தெரிந்துவிடுவார்கள்.

சரி, பாஸ்வேர்ட் மாற்றிக் கொடுப்பதற்கு வருகிறேன். நீ சாதாரணம் என்று நினைக்கிற அந்த வேலையில்தான் ஒரு கம்பெனியின் வாசல் கதவே இருக்கிறது. 2023 செப்டம்பரில் அமெரிக்காவின் கேசினோ, ஹோட்டல் நிறுவனமான எம்ஜிஎம் ரிசார்ட்ஸ் மீது நடந்த சைபர் தாக்குதல் ஞாபகம் இருக்கிறதா? ஊழியர் ஒருவர் பேசுவதுபோல ஹெல்ப் டெஸ்க்குக்குப் போன் செய்துதான் உள்ளே நுழைந்தார்கள் என்று செய்திகளில் வந்தது. அந்தச் சம்பவத்தால் சுமார் 10 கோடி டாலர் பாதிப்பு என்று அந்த நிறுவனமே கணக்குச் சொன்னது. அதனால் யார் பேசினாலும், எவ்வளவு பெரிய பதவியில் இருப்பதாகச் சொன்னாலும், விமானம் ஏறப்போகிறேன், மீட்டிங் ஆரம்பித்துவிட்டது என்று அவசரப்படுத்தினாலும், அடையாளம் சரிபார்க்கிற படிகளில் ஒன்றைக்கூடத் தாண்டாதே. இரண்டாம் கட்டச் சரிபார்ப்பை அழித்துப் புதிதாகப் போட்டுக் கொடு என்று கேட்டால் இரட்டைக் கவனம். சந்தேகம் வந்தால் அவர் சொல்கிற நம்பருக்கு அழைக்காமல், கம்பெனி டைரக்டரியில் இருக்கிற நம்பருக்கு அழை. திட்டுவார்கள், திட்டட்டும். எப்படிச் சரிபார்த்தாய் என்பதையும் டிக்கெட்டில் ஒரு வரி எழுதிவிடு. பின்னால் ஏதாவது நடந்தால் உனக்குத் துணை நிற்கப்போவது அந்த வரிதான்.

ஒரே பிரச்சினை திரும்பத் திரும்ப வருகிறது என்று தோன்றினால் அதை விடாதே. ஐடிஐஎல் (ஐடி சேவையை நடத்துகிற முறைகளின் தொகுப்பு) படித்தவர்கள் இன்சிடென்ட் வேறு, பிராப்ளம் வேறு என்று பிரிப்பார்கள். ஒருவருக்கு பிரிண்டர் வேலை செய்யாதது இன்சிடென்ட், வாராவாரம் திங்கட்கிழமை காலையில் பலருக்கு அது நடந்தால் அதற்கு அடியில் இருக்கிற காரணம் பிராப்ளம். லெவல் 1இல் உட்கார்ந்திருக்கிற உனக்குத்தான் அந்த ஒற்றுமை முதலில் கண்ணில் படும். தேதியோடு நாலைந்து டிக்கெட் எண்ணைச் சேர்த்து உன் டீம் லீடுக்கு அனுப்பு. தீர்வு தெரிந்ததும் நாலெட்ஜ் பேஸில், அதாவது டீம் முழுக்கப் பார்க்கிற தீர்வுத் தொகுப்பில், ஒரு கட்டுரை எழுது, சின்னதாக, படிப்படியாக, கம்ப்யூட்டர் தெரியாத ஒருவர் படித்துச் செய்கிற மாதிரி. மற்றவர்கள் தங்கள் டிக்கெட்டில் அதை இணைக்கும்போதெல்லாம், நீ லாக் இன் செய்யாத நேரத்திலும் உன் பெயர் அங்கே இருக்கும்.

இந்த வேலையின் அருமை 2024 ஜூலை 19 அன்று உலகத்துக்கே தெரிந்தது. பாதுகாப்பு சாப்ட்வேர் நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய ஒரு தவறான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் நின்றுபோனதாக மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. திரும்பத் திரும்ப நீலத் திரையில் விழுகிற மெஷினுக்குள் ரிமோட்டில் போக வழியில்லை. அதனால் ஏராளமான இடங்களில் ஒவ்வொன்றையும் சேஃப் மோடில் திறந்து அந்த ஒரு ஃபைலைக் கையால் அழிக்க வேண்டியிருந்தது. டிஸ்க்கைப் பூட்டிவைக்கிற பிட்லாக்கர் போட்டிருந்தால் அதற்கு முன்னால் 48 இலக்க ரெக்கவரி கீயை வேறு தட்ட வேண்டும். அதைப் போனில் படித்துச் சொன்னவர்களும், பதறிப்போனவர்களைப் பொறுமையாகப் படிப்படியாகக் கூட்டிப்போனவர்களும் பெரும்பாலும் உன்னைப் போல ஹெல்ப் டெஸ்க்கில் இருந்தவர்கள்தான். அன்றைக்கு இந்த வேலையை யாரும் குறைவாக நினைத்திருக்க மாட்டார்கள். உன் கம்பெனியில் அந்தக் கீயெல்லாம் எங்கே இருக்கிறது, யாருக்கு அதைப் பார்க்க அனுமதி என்று இப்போதே கேட்டுத் தெரிந்துகொள்.

சர்டிபிகேட் விஷயம். சப்போர்ட் வேலைக்கான அடிப்படைச் சர்டிபிகேட்டான காம்ப்டியா ஏ பிளஸ் என்றால் இரண்டு பரீட்சை, பாஸ் செய்தால் மூன்று வருஷம் செல்லும், அதற்குள் புதுப்பிக்க வேண்டும். ஐடிஐஎல் 4 ஃபவுண்டேஷன் சின்னது, 40 கேள்வி, 60 நிமிஷம், 26 சரியாக இருந்தால் பாஸ். இரண்டும் நல்லதுதான், ஆனால் ஒன்றுக்கு மேல் இப்போது வேண்டாம், கம்பெனி பணம் கட்டுமா என்று கேட்காமல் உன் கையிலிருந்தும் கட்டாதே. உன் கம்பெனியிலேயே லெவல் 2 வேலைக்கு வந்த பழைய விளம்பரங்களைத் தேடிப் பார், எதைக் கேட்கிறார்களோ அதைப் படி. இரண்டாவது சர்டிபிகேட்டுக்குச் செலவாகிற நேரத்தை நான் உன் இடத்தில் இருந்தால் வீட்டு லேபில் போடுவேன். ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொன்றை ஓட்டிப் பார்க்க உதவுகிற விர்ச்சுவல்பாக்ஸ் இலவசம், விண்டோஸ் சர்வரின் சோதனைப் பதிப்பு 180 நாள் ஓடும். யூசர் கணக்குகளை நிர்வகிக்கிற ஒரு ஆக்டிவ் டைரக்டரி எழுப்பு, டிஎன்எஸ், டிஎச்சிபி போடு, வேண்டுமென்றே டிஎச்சிபியை நிறுத்திவிட்டு என்ன ஆகிறது என்று பார். 169.254 என்பதை உன் திரையிலேயே ஒரு தடவை பார்த்துவிட்டால் ஆயுசுக்கும் மறக்காது. அப்புறம் கொஞ்சம் பவர்ஷெல், விண்டோஸில் கட்டளைகளை எழுதி வேலையை ஓட்டுவது. ஒரே வேலையைத் தினமும் கையால் செய்கிறவர்களுக்கு நடுவில் அதை ஒரு ஸ்கிரிப்டில் முடிக்கிறவள் கட்டாயம் கண்ணில் படுவாள். ஆனால் லீடிடம் கேட்காமல் கம்பெனி மெஷினில் எதையும் ஓட்டிவிடாதே.

மேலே போவது என்றால் டீம் லீட் ஆவது என்று மட்டும் நினைக்காதே. நெட்வொர்க், சிஸ்டம் அட்மின், செக்யூரிட்டி என்று பல வழி இருக்கிறது. எந்த மாதிரி டிக்கெட் வந்தால் நீ நேரம் போவது தெரியாமல் உட்கார்கிறாய் என்று கவனி, அவசரமில்லை.

மேனேஜரிடம் எப்போது கேட்பது? விருப்பத்தை இப்போதே சொல்லிவிடு, "கொஞ்ச நாளில் லெவல் 2க்குப் போக ஆசை, அதற்கு எதில் தேற வேண்டும்?" என்று. சொல்லாவிட்டால், பகுதி நேரத்தில் இருப்பவளுக்கு இதுவே போதும் போலிருக்கிறது என்று அவர்களாகவே நினைத்துக்கொள்வார்கள். கேட்பது மட்டும் சில மாசம் கழித்து, கையில் ஆதாரத்தோடு. அதற்காக இன்றிலிருந்தே ஒரு ஃபைல் வை: நீ எழுதிய கட்டுரைகள், நீ கண்டுபிடித்த தொடர் பிரச்சினைகள், யாராவது பாராட்டி எழுதியது. வாடிக்கையாளர் பெயரோ ஸ்கிரீன்ஷாட்டோ அதில் இருக்கக் கூடாது, டிக்கெட் எண்ணும் ஒரு வரிக் குறிப்பும் போதும். முழு நேரம் வேண்டும் என்பதும் லெவல் 2 வேண்டும் என்பதும் இரண்டு தனிக் கேள்விகள், சேர்த்துக் கேட்டால் ஒன்றைக் கொடுத்து மற்றதை அப்படியே விட்டுவிடுவார்கள். உனக்கு எது முதலில் முக்கியம் என்று நீயே முடிவு செய்துவிட்டுப் போ. இடம் காலியில்லை என்றால் வாரத்தில் ஒரு மணி நேரம், சம்பள நேரத்திலேயே, லெவல் 2 ஆளோடு உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேள். அதற்கும் பதில் வராமல் மாசங்கள் போனால் வெளியே தேடு, அதில் நன்றிகெட்டதனம் ஒன்றும் இல்லை. அந்த ஃபைல்தான் உன் ரெஸ்யூமே.

மேனேஜருக்கு எழுதப்போகிற அந்த முதல் மெசேஜை எழுதிவிட்டு, அனுப்புவதற்கு முன் எனக்கு ஒரு தடவை காட்டு, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படித்துச் சொல்கிறேன். ஹெட்செட் காதை வலித்தால் வேறு மாற்று, சகித்துக்கொண்டு இருக்காதே.

அன்புடன்,
அம்மா