பொலன்னறுவைக்கு ஒரு காலைப்பொழுது கொடுங்கள்

இலங்கைக்குச் சுற்றுலா நடத்தும் தமிழ்நாட்டு டிராவல்ஸ் நிறுவனத்தாருக்கு,

வணக்கம்.

போன மே மாதம் அம்மாவை அழைத்துக்கொண்டு உங்களில் ஒருவருடைய ஐந்து நாள் பயணத்தில் இலங்கைக்கு வந்தேன். யார் என்று சொல்லப்போவதில்லை. ஊர் திரும்பியபின் விசாரித்தவரையில் பலருடைய பயணத் திட்டமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கிறது. அதனால் இந்த மடல் உங்கள் எல்லாருக்கும்தான்.

கண்டியிலிருந்து காலையில் கிளம்பிய எங்கள் பஸ், வழியில் ஒரு மசாலாத் தோட்டத்தில் ஒன்றரை மணி நேரம் நின்றது. பொலன்னறுவைக்குப் போய்ச் சேர்ந்தபோது மதியம் பன்னிரண்டரை. "எல்லாரும் ரெண்டு மணிக்குள்ள வண்டிக்கு வந்துடணும், சாயங்காலம் திருகோணமலை" என்றார் உங்கள் ஆள். இலங்கையின் பழைய தலைநகரம் ஒன்றைப் பார்க்க ஒன்றரை மணி நேரம்.

அங்கே விகாரைகளில் செருப்பு, தொப்பி இரண்டையும் கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும். அது அவர்கள் வழக்கம், நியாயமான வழக்கம். நாங்கள் தஞ்சாவூர்க்காரர்கள், வெயில் காலத்தில் கோயில் கல் எப்படிச் சுடும் என்று எங்களுக்குத் தெரியும். நம் கோயில்களில் நடக்கிற பாதையில் தேங்காய் நார் விரிப்பாவது போட்டிருப்பார்கள். வட்டதாகேயின் கல் தளத்தில் அம்மா விளிம்பு நிழலாகப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தார். நான்கு திசைக்கும் நான்கு புத்தர் உட்கார்ந்திருக்கும் அந்த வட்டக் கட்டடத்தில் இரண்டு புத்தரைத்தான் அவரால் பார்க்க முடிந்தது. கல் விகாரைக்குப் போவதற்குள் உள்ளங்கால் கொப்புளித்துவிட்டது. எல்லாரும் 14 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் புத்தரைப் பார்க்கப் போனார்கள். அம்மா மரத்தடியில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலைப் பாதத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

வண்டி கிளம்பிப் பத்து நிமிடம் கழித்து அவர் கேட்டார்: "ஏம்ப்பா, சோழன் கட்டுன கோயில் இருக்குன்னியே, அது எது?"

அதைத் தாண்டி வந்துவிட்டிருந்தோம். யாரும் வண்டியை நிறுத்தவில்லை. அந்தக் கேள்விதான் என்னை இதை எழுத வைத்தது.

ஜூலையில் ஒரு நண்பனோடு தனியாக மறுபடி போனேன். பொலன்னறுவையில் இரவு தங்கி, விடுதியில் வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டு, காலை 7 மணிக்குத் திறந்ததுமே உள்ளே போனோம். அந்த நேரத்தில் கல் குளிர்ந்து கிடக்கிறது. குரங்குகளைத் தவிர ஆள் நடமாட்டம் இல்லை. பழைய நகரத்தின் வடக்கு வாசல் பக்கம் இருக்கிறது அம்மா கேட்ட கோயில். தொல்லியல் துறைக்கு அது 'இரண்டாம் சிவ தேவாலயம்'. கல்வெட்டில் அதன் பெயர் வானவன் மாதேவி ஈஸ்வரம். முழுக்கக் கல் கட்டடம். ஊரில் பாதிக் கட்டடங்களுக்குக் கூரை இல்லை. இதற்கு விமானம் உச்சிவரை நிற்கிறது. முன்னால் தேய்ந்துபோன நந்தி. உள்ளே லிங்கத்தின் மேல் அன்று காலை யாரோ வைத்த செம்பருத்தி வாடாமல் இருந்தது. சுவரில் தமிழ் எழுத்து ஓடுகிறது. தாராசுரத்திலும் கங்கைகொண்ட சோழபுரத்திலும் தடவிப் பார்த்த அதே வெட்டு. சின்னக் கோயில்தான், பெரிய கோயிலின் பிராகாரத்தில் ஒரு மூலைக்கு ஆகாது. ஆனாலும் அதன் முன்னால் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அம்மா வந்திருந்தால் இன்னும் கொஞ்சம் அதிகமாக உட்கார்ந்திருப்பார்.

இதோடு நிறுத்திக்கொண்டால் என் மடலும் அரைகுறைதான். உங்கள் வழிகாட்டிகள் பஸ்ஸில் மைக் பிடித்துச் சோழர் கதை சொல்கிறார்கள். ராஜராஜன் படை அனுப்பினான், ராஜேந்திரன் 1017இல் சிங்கள மன்னன் ஐந்தாம் மகிந்தனைச் சிறைபிடித்துக் கொண்டுவந்தான், இந்த ஊருக்கு ஜனநாதமங்கலம் என்று பெயர் வைத்தார்கள் என்பதோடு கைதட்டல். நடந்தது உண்மைதான். அதே ஊரில் வாழ்கிற சிங்களக் குடும்பத்துக்கு அந்தக் கதையின் மறுபக்கம் பள்ளிக்கூடத்திலேயே தெரியும். அநுராதபுரத்துத் தூபிகளில் புனிதப் பொருள்கள் வைத்திருந்த தாது அறைகளைச் சோழப் படை உடைத்துக் கொள்ளையடித்தது என்று அவர்களுடைய பழைய வரலாற்று நூலான சூளவம்சம் சொல்கிறது. 1070 வாக்கில் சோழரை வெளியேற்றிய விஜயபாகு அவர்களுக்கு வீரன். ஒரு கூட்டம் அவர்கள் ஊரில் இறங்கி "நம்ம ஆளு ஜெயிச்ச ஊரு" என்று சத்தம் போட்டால் டிக்கெட் கொடுக்கிறவர் முகம் எப்படி மாறும் என்பதை நான் நேரில் பார்த்தேன்.

கைதட்டலை விடப் பெரிய விஷயம் அங்கே கல்லிலேயே இருக்கிறது. வட்டதாகே இருக்கும் அதே மேட்டில், அட்டதாகே என்ற பழைய கட்டடத்தின் பக்கத்தில் நிற்கிறது வேளைக்காரர் கல்வெட்டு. தமிழில் வெட்டியது. உயிரைக் கொடுத்தாவது காப்போம் என்று ஆணையிட்டுச் சேவகம் செய்த தமிழ்ப் படைவீரர்கள் வேளைக்காரர்கள். சோழர் போனபின் சிங்கள மன்னர்களிடமும் அவர்கள் வேலை பார்த்தார்கள். விஜயபாகு காலத்தில் கட்டிய புத்தரின் பல் கோயிலை நாங்கள் காப்போம் என்று அவர்கள் எழுதிக்கொடுத்த உறுதிமொழிதான் அந்தக் கல். கோயிலுக்குத் தங்கள் பெயரையும் சேர்த்து 'மூன்றுகைத் திருவேளைக்காரன் தளதாய்ப் பெரும்பள்ளி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இந்தக் கல்லுக்கு முன்னால் எங்களைத் தவிரத் தமிழ் தெரிந்த யாரும் அன்று நிற்கவில்லை. பக்கத்தில் பிற்காலச் சிங்கள மன்னன் நிசங்கமல்லன் வெட்டிவைத்த கல் புத்தகத்தோடு படம் எடுத்துக்கொண்டு எல்லாரும் போய்க்கொண்டிருந்தார்கள். அதுவும் பார்க்க வேண்டியதுதான், 8 மீட்டர் நீளக் கல். ஆனால் தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களை சற்றுத் தள்ளி நிற்கும் தமிழ்க் கல்லையும் காட்டித்தானே அனுப்ப வேண்டும்?

திருகோணமலையிலும் இதே மாதிரி ஒன்று இருக்கிறது. கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கு எல்லாப் பயணக் குழுவையும் கூட்டிப்போகிறீர்கள். ஏழு கிணற்றிலும் வாளியால் அள்ளி ஊற்றிக்கொண்டு வருகிறோம், சந்தோஷம். அந்தப் பக்கமே இன்னும் கொஞ்ச தூரம் போனால் பெரியகுளம் அருகே காட்டோரம் வெல்கம் விகாரை. தமிழில் நாதனார் கோயில் என்பார்கள். சோழர் காலத்தில் அதற்கு ராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர். தமிழ்ப் பௌத்தர்கள் கும்பிட்ட விகாரை. விளக்கெரிக்கப் பசு கொடுத்த செய்தியெல்லாம் தமிழில் கல்லில் இருக்கிறது, நம் ஊர்ச் சிவன் கோயில் கல்வெட்டுகளில் இருப்பது போலவே. தமிழன் என்றால் சைவன், சிங்களவன் என்றால் பௌத்தன் என்று நாம் போட்டுவைத்திருக்கும் கணக்கு அந்த இடத்தில் நிற்பதில்லை. இரண்டு பக்கத்துக் கதையையும் ஒன்றாகச் சொல்ல அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. எந்தப் பயணத் திட்டத்திலும் அது இல்லை.

கோணேஸ்வரம் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அதை ஒழுங்காகவே காட்டுகிறீர்கள். ஒன்று மட்டும். 1620களில் போர்ச்சுக்கீசியர் பழைய கோயிலை இடித்து, கல்லை எடுத்துக் கோட்டை கட்டினார்கள். கோட்டை வாசலில் பஸ் நுழைகிறபோது வலது இடது பார்க்கச் சொல்லுங்கள், கல்லில் இரட்டைக் கயல் இருக்கிறது. மான்களைக் காட்டுகிற அவசரத்தில் அது போய்விடுகிறது. மலை உச்சியிலிருந்து கீழே கடலைப் பார்க்கும்போது, 1956இல் எழுத்தாளர் ஆர்தர் கிளார்க்கும் அவர் நண்பர் மைக் வில்சனும் முங்கிப் பார்த்து இடிந்த கோயிலின் தூண்களையும் கற்களையும் கண்டது அந்தத் தண்ணீருக்கு அடியில்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஜனம் செல்போனைக் கொஞ்ச நேரம் இறக்கிவைக்கும்.

அடுத்தது கடற்கரை. நிலாவெளி அழகைப் பற்றி உங்கள் நோட்டீஸிலேயே நிறைய எழுதியிருக்கிறீர்கள், பொய்யில்லை. மே முதல் செப்டம்பர் வரை அந்தக் கடல் குளம் மாதிரி கிடக்கிறது. இடுப்பளவு தண்ணீரில் நின்றால் கால் விரல் தெரிகிறது. டிசம்பர் விடுமுறைக்கும் அதே படத்தைப் போட்டு நிலாவெளி என்று விற்கிறீர்களே, அதுதான் சரியில்லை. "வாடைக் காத்து தொடங்கினா வள்ளம் இறங்காது தம்பி, அப்பவும் கூட்டிக்கொண்டு வருகினம்" என்று படகுக்காரர் ஒருவர் என்னிடம் வருத்தப்பட்டார். டிசம்பரில் வருகிறவர்களுக்குக் காலி, மிரிஸ்ஸ பக்கத்துத் தென்கரையைக் கொடுங்கள். அங்கே அப்போதுதான் கடல் நன்றாக இருக்கும்.

நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவு. 2003இல் தேசியப் பூங்காவாக அறிவித்த இடம். கரையில் மணலைவிட உடைந்த பவளத் துண்டுதான் அதிகம். நடந்தால் பீங்கான் ஓடு மாதிரி கலகலவென்று சத்தம் வருகிறது. மே மாதம் எங்கள் குழுவில் நாற்பது பேர் ஒரே நேரத்தில் இறங்கினோம். நீச்சல் தெரியாதவர்கள்தான் பாதிக்கு மேல். லைஃப் ஜாக்கெட் போட்டும் பயம் போகவில்லை. கால் ஊன்ற இடம் தேடினார்கள். ஊன்றிய இடமெல்லாம் பவளம். என் முன்னால் ஒருவர் கான்வாஸ் ஷூவோடு ஏறி நின்றதும் மான் கொம்பு மாதிரி கிளைத்திருந்த ஒன்று 'படக்'கென்று முறிந்தது. தண்ணீருக்குள் அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. முறிந்த இடம் வெள்ளையாக, தேங்காய்ப் பத்தை போல இருந்தது. சில வகைப் பவளம் வருஷத்துக்கு விரல் அகலம்கூட வளராது. 1998இல் கடல் சூடேறித் தென்மேற்குக் கரையில் ஹிக்கடுவைப் பக்கத்துப் பவளமெல்லாம் வெளுத்துச் செத்தபோது தப்பித்த கடல் இந்தப் பக்கத்துக் கடல். சூட்டுக்குத் தப்பியது நம் காலில் மிதிபட்டுப் போகக் கூடாது.

அந்த ஷூக்காரரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அது உயிருள்ளது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. கரையிலேயே ஐந்து நிமிடம் நிறுத்திச் சொல்லுங்கள். நீந்தத் தெரியாதவர்களைப் பவளம் இல்லாத மணல் பக்கம் மட்டும் இறக்குங்கள். பத்துப் பத்துப் பேராக அனுப்புங்கள்; மற்றவர்கள் செவ்விளநீர் குடித்துக்கொண்டு நிலாவெளியில் உட்கார்ந்திருக்கட்டும், அதுவும் சுகம்தான். ஜூலையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் மெதுவாக மிதந்தபோது கருப்புத் துடுப்பு முனை உள்ள சின்னச் சுறா ஒன்று எங்களைக் கண்டுகொள்ளாமல் பக்கத்தில் போனது. நாற்பது பேர் இறங்கிய நாளில் ஒரு மீன்கூடச் சரியாகக் கண்ணில் படவில்லை.

சரி, இதெல்லாம் செய்தால் செலவு கூடுமே என்பீர்கள். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கண்டியிலிருந்து முதல் நாள் மதியமே கிளம்பி இரவு பொலன்னறுவையில் தங்குங்கள். கண்டியில் ஒரு இரவு குறையும், இங்கே ஒரு இரவு கூடும். பொலன்னறுவையில் அறை வாடகை கண்டியைவிடக் குறைவுதான். காலை 7 மணி முதல் 11 வரை பழைய நகரம். எல்லாருக்கும் ஒரு ஜோடி தடித்த காலுறை கொடுங்கள், காலுறையோடு நடக்க அங்கே தடையில்லை. கல் விகாரையில் புத்தருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செல்ஃபி எடுக்கக் கூடாது என்பதைப் பஸ்ஸிலேயே சொல்லிவிடுங்கள். அங்கே காவலர் கத்திச் சொல்கிறபோது எல்லாருக்கும் சங்கடமாகிறது. மதியச் சாப்பாடு முடித்துக் கிளம்பினால் திருகோணமலை சுமார் 130 கிலோமீட்டர். ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் நடுவில் யானை குறுக்கே வரும் சாலையையும் இருட்டுவதற்கு முன்பே தாண்டிவிடலாம். மசாலாத் தோட்டத்தை எடுத்துவிடுங்கள். அங்கே விற்கிற பட்டையும் கிராம்பும் தஞ்சாவூர்க் கடைத்தெருவிலேயே கிடைக்கிறது.

வழிகாட்டிகளைப் பற்றி இன்னொரு வேண்டுகோள். கல்வெட்டு வாசிக்கத் தெரிந்த, இரண்டு மொழியும் தெரிந்த உள்ளூர் ஆட்களைப் பொலன்னறுவைக்கும் திருகோணமலைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஜூலையில் எங்களுக்கு அமைந்தவர் சிங்களவர். தமிழைத் தட்டுத் தடுமாறித்தான் பேசினார். வேளைக்காரர் கல்வெட்டுக்கு முன்னால் எங்களை நிறுத்தி, "நீங்க வாசிங்க, நான் அர்த்தம் சொல்றேன்" என்றார். எனக்குத் தெரிந்த நாலைந்து எழுத்தைக் கூட்டி வாசித்தேன், அவர் மிச்சத்தைச் சொன்னார்.

அம்மாவின் கால் ஆறிவிட்டது. வானவன் மாதேவி ஈஸ்வரத்தின் படத்தைக் காட்டினேன், பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். வருகிற ஆனி மாதம் மறுபடி போகலாம் என்கிறார். உங்களில் யாராவது அந்தக் காலைப்பொழுதைத் திட்டத்தில் சேர்த்தால், முன் வரிசையில் எங்களுக்கு இரண்டு இருக்கை வையுங்கள்.

அன்புடன்,
தஞ்சாவூரிலிருந்து ஒரு பயணி