சூரியனைப் படமெடுக்க எக்ஸ்-ரே ஃபிலிம் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சூரியப் புள்ளிகளை, அதாவது சூரியன் மேல் தெரியும் கரும்புள்ளிகளை, படமெடுப்பது பற்றி மாணவர் பக்கத்தில் கட்டுரை வந்தது மகிழ்ச்சி. ஆனால் பழைய எக்ஸ்-ரே ஃபிலிமைக் கேமராவுக்கும் கண்ணுக்கும் இடையே பிடித்துக்கொள்ளலாம் என்று அதில் இருந்த வரி ஆபத்தானது. பொருளும் தவறு, வைக்கச் சொன்ன இடமும் தவறு.

எக்ஸ்-ரே ஃபிலிம் கறுப்பாகத் தெரிந்தாலும் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிர்களைப் போதிய அளவு தடுக்காது. கண் கூசாததால் பிள்ளைகள் கூடுதல் நேரம் பார்ப்பார்கள். விழித்திரைக்கு வலி தெரியாது. பார்வையின் நடுவே கறை விழுந்தது சில மணி நேரம் கழித்துத்தான் தெரியவரும். அருவியைப் பால்போலக் காட்டக் கேமராவில் போடும், ஒளியைக் குறைக்கும் 10 ஸ்டாப் என்.டி. ஃபில்டரும் உதவாது. அது ஆயிரத்தில் ஒரு பங்கு ஒளியை விடும். சூரியனுக்கு லட்சத்தில் ஒரு பங்குதான் விடலாம். சூரியனைப் பார்ப்பதற்கென்றே விற்கும் சூரிய ஃபிலிமின் உறையில் 'ஓ.டி. 5' (ஓ.டி. என்பது ஒளியைத் தடுக்கும் அடர்த்தி) என்று இருப்பது இந்த அளவைத்தான் குறிக்கிறது. 'ஓ.டி. 3.8' என்ற வகை அதைவிட ஏறக்குறைய 16 மடங்கு ஒளியை விடும். அது படமெடுக்க மட்டுமே. மாணவர்கள் கையில் கொடுக்கவே கூடாது.

ஃபில்டர் இருக்க வேண்டிய இடம் லென்ஸுக்கு முன்னால். 60 மி.மீ. தொலைநோக்கி, வெயிலில் 2 மி.மீ. அளவுக்குச் சுருங்கிய கண்பாவையைவிட 900 மடங்கு ஒளியைத் திரட்டும். அவ்வளவும் குவிகிற இடத்தில் வைத்த ஃபில்டர் சூடேறி வெடிக்கும். மலிவுத் தொலைநோக்கிகளோடு வரும், கண்வில்லையில் திருகும் கறுப்புக் கண்ணாடியை உடைத்துக் குப்பையில் போடுங்கள்.

லென்ஸின் முன்னால் மாட்டும் ஃபில்டர் மூடியை வீட்டிலேயே செய்யலாம். கெட்டி அட்டையை லென்ஸ் குழாயைச் சுற்றி 3 செ.மீ. உயரத்துக்கு வளையமாகச் சுற்றி ஒட்ட வேண்டும். நடுவில் வெட்டி எடுத்த இரண்டு அட்டை வட்டங்களுக்கு இடையே சூரிய ஃபிலிமைத் தளர்வாக வைத்து, இருபக்க டேப்பால் ஒட்டி, அந்த வளையத்தின் மேல் பொருத்த வேண்டும். ஃபிலிமை முரசுத் தோல்போல இழுத்துக் கட்டினால் படம் கெடும். லேசான சுருக்கம் பாதகமில்லை. ஒவ்வொரு முறையும் பல்பு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், ஊசிமுனை அளவு ஓட்டை தெரிந்தாலும் வேறு ஃபிலிம் போடுங்கள். காற்றில் பறக்காதபடி மூடியைக் குழாயோடு டேப் போட்டு ஒட்டுவது கட்டாயம். பலரும் மறப்பது, குறிபார்க்கத் தொலைநோக்கியின் பக்கத்தில் பொருத்தியிருக்கும் சிறு தேடு தொலைநோக்கி. அதையும் மூட வேண்டும், இல்லாவிட்டால் கழற்றிவிட வேண்டும்.

செல்போனை மட்டும் வைத்து எடுத்தால் ஏமாற்றம்தான். 12 மெகாபிக்சல் படத்தில் சூரியன் 25 பிக்சல் அகலம்தான் வரும். சென்சாரில் விழும் சூரியனின் அகலம், லென்ஸின் குவியத் தூரத்தில் 110-இல் ஒரு பங்கு. 300 மி.மீ. லென்ஸுக்கு அது 2.7 மி.மீ.; பெரிய புள்ளிகளைக் காட்ட இது போதும். ஓ.டி. 5 ஃபிலிமோடு ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்வு) 100, எஃப் (லென்ஸ் திறப்பு) 8, 1/500 முதல் 1/1000 வினாடி வரை எடுத்துப் பார்க்கலாம். ஆட்டோவில் விட்டால் சுற்றியுள்ள கறுப்பைப் பார்த்துக் கேமரா ஏமாறும், வட்டம் வெளுத்துப் புள்ளிகள் காணாமல் போகும். ஃபோகஸையும் கையால்தான் வைக்க வேண்டும்: திரையில் பெரிதாக்கி, சூரிய விளிம்பு கத்திபோல் தெரியும் வரை திருப்புங்கள். வெயிலில் குழாய் சூடாக ஆக ஃபோகஸ் நழுவும் என்பதால் 10 நிமிடத்துக்கொரு முறை சரிபாருங்கள். காலை 7 முதல் 9 மணி நல்ல நேரம். அதற்குப் பிறகு மொட்டைமாடித் தளம் சூடேறி, விளிம்பு தண்ணீரில் தெரிவதுபோல நெளியும். புல்தரை கிடைத்தால் நல்லது.

ஒரு புள்ளி சூரியனின் முகத்தைக் கடக்க ஏறக்குறைய 13 நாள் ஆகும். தினமும் ஒரே நேரத்தில் எடுத்தால்தான் படங்களை ஒப்பிட முடியும். சாதாரண டிரைபாடில் காலைக்கும் மாலைக்கும் வட்டத்தின் சாய்வு மாறிவிடும். கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1904 முதல் இப்படித்தான் சூரியனின் வெண்ணொளிப் படங்களை (தனி நிறமாகப் பிரிக்காத சாதாரண ஒளியில் எடுத்தவை) சேர்த்து வருகிறது.

திருத்தத்தை அதே மாணவர் பக்கத்தில் வெளியிட வேண்டுகிறோம். அந்தக் கட்டுரையை வெட்டி வைத்திருக்கும் பிள்ளைகள் ஆசிரியர் கடிதங்கள் பகுதியைப் பார்க்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
வான்நோக்கு ஆர்வலர்கள்,
திண்டுக்கல்