முட்டி அடிபட்ட பசங்க எங்க போவாங்க?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். பொங்கலுக்கு எங்க பக்கம் நடந்த கபடி மேட்ச் பத்தி போட்டோவோட போட்டிருந்தீங்க, ரொம்ப சந்தோஷம். ஆனா அந்த மாதிரி மேட்ச்ல முட்டி போன பசங்க அப்புறம் என்ன ஆகுறாங்கன்னு யாரும் எழுதுறதில்ல, அதுக்காகத்தான் இந்த லெட்டர்.

என் தம்பி ரைடு போய்ட்டு திரும்புறப்ப கால் தரையில ஊனி உடம்பு மட்டும் திரும்பிடுச்சு, உள்ள டப்புனு சத்தம் கேட்டுச்சாம், ராத்திரிக்குள்ள முட்டி வீங்கிடுச்சு. டவுன்ல ஒரு கிளினிக்ல எக்ஸ்ரே எடுத்து எலும்பு நல்லாத்தான் இருக்குன்னு மாத்திரை குடுத்து அனுப்பிட்டாங்க. எக்ஸ்ரேல எலும்புதான் தெரியும், ஜவ்வு கிழிஞ்சிருந்தா தெரியாது, இத அங்கயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கொஞ்ச நாள்ல வீக்கம் வடிஞ்சு நேரா நடக்க ஆரம்பிச்சான், எல்லாரும் சரியாயிடுச்சுன்னோம், ஆனா வரப்புல இறங்கும்போதும் சட்டுனு திரும்பும்போதும் முட்டி கழண்டுக்குற மாதிரி மடங்கும். இப்படி ஒவ்வொரு தடவை மடங்கும்போதும் எலும்புக்கு நடுவுல இருக்கிற மெனிஸ்கஸ் ஜவ்வும் சேர்ந்து கிழிய வாய்ப்பிருக்கு, சின்ன வயசுலயே முட்டி தேய்மானமும் வரலாம்.

இதுக்கப்புறம் வீட்ல ஆளாளுக்கு ஒரு ஊர் பேர் சொன்னாங்க. மாமா எலும்பு முறிவுக்கு நாட்டு வைத்தியமா போடுற புத்தூர் கட்டுதான்னாரு, சித்தி வேலூர் சி.எம்.சி.க்கு போங்கன்னாங்க, அவன் ஃப்ரெண்ட்ஸ் பாண்டிச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரின்னாங்க, அப்பா மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரின்னாரு. எல்லாமே பேர் வாங்கின இடம்தான், நான் எதையும் குறை சொல்லல. புத்தூர் கட்டுல எலும்பு கூடினவங்க எங்க தெருவுலயே இருக்காங்க. ஆனா முட்டிக்கு உள்ள தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் சேர்த்து புடிச்சிருக்கிற ஏசிஎல் ஜவ்வு முழுசா அறுந்தா வெளிய உளுந்து மாவும் முட்டை வெள்ளைக்கருவும் வச்சு கட்டி ஒட்ட வைக்க முடியாது, அதனால எங்க போறதுன்னு பேசுறதுக்கு முன்னாடி உள்ள அடிபட்டது எலும்பா ஜவ்வான்னு தெரிஞ்சாகணும். எங்க கட்டு போட்டாலும் சரி, விரல் மரத்துப்போனா, நீலம் பாரிச்சா, வலி தாங்க முடியாம ஏறிக்கிட்டே போனா உடனே அவுத்துட்டு ஆஸ்பத்திரிக்கு போயிடுங்க, இல்லன்னா காலையே எடுக்குற நிலைமை வரலாம்.

கடைசியில முண்டியம்பாக்கம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குத்தான் போனோம். எலும்பு மூட்டு பாக்குற ஆர்த்தோ டாக்டர் தொடையை ஒரு கையால புடிச்சு காலை முன்னாடி இழுத்துப் பார்த்தே ஏசிஎல் ஜவ்வு அறுந்திருக்குன்னு சொல்லிட்டாரு, எம்.ஆர்.ஐ. ஸ்கேன்லயும் அதேதான் வந்துச்சு. ஜவ்வு போன எல்லாருக்கும் ஆபரேஷன் தேவைப்படாதாம், ஆனா திரும்ப கபடி ஆடணும்னா பெரும்பாலும் வேணுமாம், தொடைக்குப் பின்னாடி இருக்கிற நரம்பு மாதிரியான தசைநாரை எடுத்து ஜவ்வுக்கு பதிலா வைப்பாங்களாம். ஆபரேஷன் ஆகி குறைஞ்சது 9 மாசத்துக்கு கிரவுண்டு பக்கம் போகக் கூடாது, அந்த மாசமெல்லாம் பிசியோதெரபி விடாம பண்ணணும், இல்லன்னா தொடை சூம்பிப்போய் ஆபரேஷன் பண்ணதுக்கே பலன் இல்லன்னு சொன்னாரு.

நான் சொல்ல வர்றது இதுதான். ஆபரேஷன் ஒரு நாள் வேலை, அத எந்த ஊர்ல வேணா பண்ணிக்கலாம், ஆனா பிசியோவுக்கு மாசக்கணக்குல போய்ட்டு வரணும், அடிபட்ட காலோட பஸ் படி ஏறி நின்னுக்கிட்டு போய்ட்டு வரணும், கூட ஒரு ஆள் கூலி வேலைய விட்டுட்டு வரணும். அதனால எந்த ஆஸ்பத்திரி பெரிசுன்னு கேக்குறதுக்கு முன்னாடி எங்க விடாம போய்ட்டு வர முடியும்னு கேளுங்க. ஆபரேஷன் வெளியூர்ல பண்ணா கூட டிஸ்சார்ஜ் ஆகும்போதே எந்த வாரம் என்ன எக்ஸர்சைஸ்னு எழுதி வாங்கிட்டு வந்துடுங்க. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வச்சிருக்கிறவங்க இந்த ஆபரேஷன் அதுல வருதான்னு அட்மிட் ஆகறதுக்கு முன்னாடியே ஆஸ்பத்திரி காப்பீட்டு கவுன்டர்ல கேட்டுடுங்க.

இப்ப பொண்ணுங்களும் நிறைய கபடிக்கு வர்றாங்க, சென்னை கண்ணகி நகர் கார்த்திகா 2025ல பஹ்ரைன்ல நடந்த ஆசிய இளையோர் போட்டியில இந்திய கபடி டீமோட ஜெயிச்சதுக்கப்புறம் எங்க ஸ்கூல் கிரவுண்டுலயே சாயங்காலம் பொண்ணுங்க கூட்டம்தான், பாக்கவே பெருமையா இருக்கு. ஆனா இதே ஆட்டத்துல பசங்களை விட பொண்ணுங்களுக்குத்தான் இந்த ஜவ்வு அதிகமா கிழியுதுன்னு டாக்டருங்க சொல்றாங்க, அவங்கள வச்சுக்கிட்டு எந்த அப்பா அம்மா ஊர் ஊரா சுத்துவாங்க?

2021ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீடு தேடி வந்து பிசியோ குடுக்குறாங்க, படுத்த படுக்கையா இருக்கிறவங்களுக்கு அது பெரிய உதவி. அதே பிசியோ ஆட்கள் வாரத்துல ஒரு நாள் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் உக்காந்து இந்த மாதிரி பழைய கால் அடி, ஆபரேஷன் முடிஞ்ச கால் எல்லாத்தையும் பாக்கணும், அந்த நாள் எதுன்னு வாசல்ல போர்டு வைக்கணும். மேட்ச் நடத்துற கமிட்டிக்காரங்களும் கோப்பைக்கு செலவு பண்றதுல கொஞ்சம் எடுத்து வச்சு, அடிபட்ட பிள்ளைய ஒரு ஆர்த்தோ டாக்டர்கிட்ட கூட்டிட்டு போற வரைக்கும் கூட நிக்கணும். இத கலெக்டர் பார்வைக்கு கொண்டு போக உங்க பேப்பர் உதவி பண்ணுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கண்டாச்சிபுரம், விழுப்புரம் மாவட்டம்.