அந்த மரபணு எல்லோரிடமும் இருக்கிறது

ஆசிரியருக்கு,

மறதி நோய் பற்றிய கட்டுரையில் ‘எஸ்ஓஆர்எல்1 மரபணு உள்ளவர்களுக்கு அல்சைமர் வரும்’ என்ற வரியைப் படித்துத் திடுக்கிட்டேன். அந்த மரபணு எனக்கும் இருக்கிறது, உங்களுக்கும் இருக்கிறது. மனிதர் எல்லோருக்கும் 11-ஆவது குரோமோசோமில் இருப்பதுதான்.

அது உருவாக்கும் ஸார்லா என்ற ஏற்பிப் புரதம், செல்லுக்குள் தபால் பிரிக்கும் ஊழியர் மாதிரி. அமிலாய்டு முன்னோடிப் புரதம் எண்டோசோம் என்ற சிறு பைக்குள் வந்ததும், ஸார்லா அதைக் கையோடு பிடித்து, புரதங்களைப் பக்குவப்படுத்திப் பிரித்தனுப்பும் கோல்ஜி உறுப்புக்குத் திருப்பி அனுப்புகிறது. பிடி நழுவினால் அந்தப் புரதம் பைக்குள்ளேயே தங்கி நொதிகளிடம் வெட்டுப்படும். அல்சைமர் நோயில் மூளையில் படியும் பீட்டா அமிலாய்டு என்ற புரதத் துண்டு அப்படித்தான் பெருகுகிறது. 2007-இல் இந்த மரபணுவின் சில மாறுபாடுகளுக்கும் அல்சைமருக்கும் தொடர்பு இருப்பதை ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள்.

ஆக, காவல்காரரையே திருடர் பட்டியலில் சேர்த்துவிட்டீர்கள்! ஆபத்து, மரபணு பழுதுபடும்போதுதான். அப்போதும் கூடுவது நோய் வரும் வாய்ப்பு. வந்தே தீரும் என்பதில்லை. பயந்துபோய்ப் பரிசோதனைக்கு ஓடும் வாசகர்களுக்காகவாவது திருத்தம் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓர் உயிரியல் ஆசிரியர்