ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் சண்டை பற்றிக் கேட்டிருந்தாயே, மாப்ள

அன்புள்ள மாப்ள,

வாட்ஸ்அப்பிலேயே பதில் போடலாம் என்று ஆரம்பித்தேன், அது நீண்டுகொண்டே போனது, சரி ஒழுங்காக உட்கார்ந்து எழுதிவிடலாம் என்று இதை எழுதுகிறேன். முதலில் வீட்டுச் சேதி. அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, நடக்கிறார், படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்னதை மட்டும் கேட்க மாட்டேன் என்கிறார். பச்சைத் தேயிலைக்கு வருகிற விலை பறிகூலிக்கும் உரத்துக்குமே சரியாகப் போகிறது, கீழ்த் தோட்டத்தில் பாதியைப் பிடுங்கிவிட்டுக் கேரட் போடலாமா என்று யோசனை. நீ விடுமுறைக்கு வருவதாக இருந்தால் இ-பாஸ் எடுத்துக்கொண்டு வா, 2024 மே 7-இல் இருந்து நீலகிரிக்கு வெளியூர் வண்டி எது வந்தாலும் இ-பாஸ் வேண்டும், உன் வண்டி கர்நாடகப் பதிவு, சோதனைச் சாவடியில் நிறுத்திவிடுவார்கள். நம் ஊர்க்காரன் என்று சொன்னால் விட மாட்டார்கள், நம்பர் பிளேட்டைத்தான் பார்ப்பார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். "நாம் பள்ளிக்கூடக் காலத்தில் ஆடிய கேமைப் புதுசாக்கிக் கையில் கொடுத்திருக்கிறார்கள், சந்தோஷமாக ஆடிவிட்டுப் போகாமல் எதற்கு இப்படி அடித்துக்கொள்கிறார்கள், பையனுக்கு வாங்கித் தரலாம் என்று பார்த்தால் போகிற இடமெல்லாம் திட்டாக இருக்கிறது" என்று எழுதியிருந்தாய். மாப்ள, அந்தத் திட்டுகிறவர்கள் பக்கம்தான் நான் நிற்கிறேன். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படி.

ஊர் கட்டி, படை திரட்டி எதிரியோடு மோதுகிற அந்தக் கம்ப்யூட்டர் கேம், ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ், என்றால் நமக்கு டானிங்டன் பக்கம் மாடியில் இருந்த அந்த பிரவுசிங் சென்டர்தான். முதல் கேம் 1997-இல் வந்தது, நாம் உயிரை விட்டு ஆடிய இரண்டாவது கேம் 1999-இல். அதைச் செய்தது டல்லஸில் இருந்த என்செம்பிள் ஸ்டுடியோஸ், அந்தக் கம்பெனியையே மைக்ரோசாஃப்ட் 2009 ஜனவரியில் மூடிவிட்டது. அதற்கு முன்பே, 2006-இல், இணையத்தில் ஆட்கள் கூடி இந்த கேமை ஆடுவதற்கு அவர்கள் நடத்திய சேவையும் நின்றுபோனது. அதாவது செய்தவர்களும் போய்விட்டார்கள், ஆடுகிற களமும் போய்விட்டது. நீ இன்ஜினியரிங் சேர்ந்தாய், நான் தோட்டத்துக்கு வந்தேன், பிரவுசிங் சென்டர் ஜெராக்ஸ் கடை ஆனது, நாம் எல்லோரும் மறந்துவிட்டோம்.

சிலர் மறக்கவில்லை. வூப்ளி என்ற தளத்தில் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து ஆடிக்கொண்டே இருந்தார்கள், தாங்களே போட்டி நடத்திப் பரிசும் கொடுத்தார்கள். 2012 கடைசியில் ரசிகர்கள் சேர்ந்து 'ஃபர்காட்டன் எம்பயர்ஸ்' என்று ஒரு மாட், அதாவது கேமோடு சேர்த்து ஆடத் தாங்களே செய்த கூடுதல் பகுதி, வெளியிட்டார்கள், அதில் இத்தாலியர், இன்கா, மகியார், ஸ்லாவ், அப்புறம் இந்தியர் என்று நாம் எடுத்து ஆடுகிற தரப்புகள், அதாவது இனங்கள், ஐந்து புதுசு. சம்பளம் கிடையாது, யாரும் கேட்கவும் இல்லை, பிடித்ததால் செய்தார்கள். 2013-இல் மைக்ரோசாஃப்ட் ஸ்டீம் என்ற இணைய கேம் கடையில் ஹெச்டி பதிப்பை விட்டபோது, அதே ஆட்களைக் கூப்பிட்டு, அந்த மாடையே அந்த வருஷம் நவம்பரில் அதிகாரபூர்வமான விரிவாக்கமாக வெளியிட்டது. இந்தப் பழைய கேம் இன்றைக்கு உயிரோடு இருக்கிறது என்றால் அதற்குக் காரணம் இவர்கள். 2019 நவம்பர் 14 அன்று வந்த டெஃபினிட்டிவ் எடிஷன் என்ற புதுப்பித்த பதிப்பைச் செய்ததிலும் அதே ஃபர்காட்டன் எம்பயர்ஸ் குழுவுக்குப் பெரிய பங்கு. ரசிகனாக இருந்தவனே கம்பெனி ஆகி கேமை எழுப்பி நிறுத்திய கதை இது, வேறு எந்த கேமுக்கும் இந்த அளவுக்கு நடந்ததாக எனக்குத் தெரியவில்லை. அப்புறம் அவன் கோபப்பட்டால் "உனக்கென்ன உரிமை" என்று எப்படிக் கேட்பது?

டெஃபினிட்டிவ் எடிஷனே வந்த புதிதில் வாங்கிக் கட்டிக்கொண்டது. படை ஒரு இடுக்கில் போய் மாட்டிக்கொள்ளும், பக்கத்தில் இருக்கிற எதிரியை விட்டுவிட்டுச் சுற்றி ஓடும், அந்தப் புகார் இன்னும் முழுசாக ஓயவில்லை. வயல் சமாசாரத்திலும் ஒரு வழக்கு இருந்தது. நாம் ஆடியபோது வயல் தீர்ந்தால் வில்லேஜர், அதான் அந்த வேலையாள், சும்மா நின்றுகொண்டிருப்பான், நாம்தான் அறுபது மரம் கொடுத்து மறுபடி போட வேண்டும், ஞாபகம் இருக்கிறதா? இப்போது ஒரு பட்டனை அமுக்கினால் தானாகவே விதைத்துக்கொள்கிறான். ஆட்டத்தின் திறமையில் அது ஒரு பகுதி, அதை எடுக்கலாமா என்று பழைய ஆட்கள் கேட்டார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. நிஜத் தோட்டத்தில் பகல் முழுக்க அதே வேலைதான் செய்கிறேன்.

இனி நமக்கு நெருக்கமான விஷயம். 2022 ஏப்ரல் 28 அன்று 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' என்று ஒரு விரிவாக்கம் வந்தது. அதற்கு முன்பு வரை 'இந்தியர்' என்று ஒரே இனம், ஒட்டகப் படை, வில்லேஜர் பேசுவது இந்தி. தெற்கே இருக்கிறவனுக்கு அதில் தன்னுடையது என்று சொல்ல எதுவும் இல்லை. ஒரு துணைக்கண்டத்தையே ஒரே இனமாகச் சுருக்குவது சரியில்லை என்று ரசிகர்கள் வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்கள், இங்கிலாந்துக்காரனும் பிரேசில்காரனும் கூடச் சொன்னான். கடைசியில் அதை இந்துஸ்தானியர், வங்காளிகள், கூர்ஜரர், திராவிடர் என்று பிரித்தார்கள். திராவிடருக்கு உறுமி வீசுகிற வீரன், திரிசடை என்று ஒரு பெரிய போர்க்கப்பல், ராஜேந்திர சோழனுக்குத் தனியாக ஒரு கேம்பெயின், அதாவது கதையோடு வருகிற ஆட்டத் தொடர். பத்தாம் வகுப்பு வரை கடாரம் கொண்டான் என்று மனப்பாடம் செய்து மார்க் வாங்கினோமே, 1025-இல் ஸ்ரீவிஜயத்தின் மேல் போன அந்தக் கடற்படையை இப்போது நீயே கூட்டிக்கொண்டு போகலாம்.

நான் வாங்கிப் போட்ட அன்று எல்லோரும் தூங்கின பிறகு ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன், திராவிடரை எடுத்து ஒரு வில்லேஜரைக் கிளிக் செய்தேன். தமிழில் பதில் சொன்னான், மாப்ள. மரத்தைக் காட்டினால் தமிழில், ஆட்டைக் காட்டினால் தமிழில். ஹெட்போனைப் பிடுங்கிவிட்டு ஸ்பீக்கரில் வைத்தேன், உள்ளே இருந்து "இந்த நேரத்தில் யார் வந்திருப்பது" என்று வீட்டுக்காரி எழுந்து வந்துவிட்டாள், அவளையும் உட்கார வைத்துக் காட்டினேன். இந்த வயதில் ஒரு கேமுக்குக் கண் கலங்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

அந்த உறுமி வீரனைக் கொஞ்ச நேரம் அடிக்க விடாமல் நிறுத்திப் பார். அவனுக்கு ஒரு மஞ்சள் கோடு மெதுவாக நிரம்பும், நிரம்பின பிறகு வீசுகிற முதல் வீச்சு மட்டும் சுற்றி நிற்கிற எல்லோர் மேலும் படும், அப்புறம் மறுபடி நிரம்புகிற வரைக்கும் அவன் சாதாரண வாள்வீரன். சிலம்பத்தில் சுருள்வாள் சுற்றுகிறவரைப் பார்த்திருப்பாயே, பக்கத்தில் யாரையும் விட மாட்டார், அந்த வட்டம்தான் அது. எதிரியின் கவசத்தையே கணக்கில் எடுக்காத மாதிரி வெட்டுகிற 'வூட்ஸ் ஸ்டீல்' என்று, நம் பக்கத்துப் பழைய எஃகின் பெயரில், ஒரு தொழில்நுட்பமும் திராவிடருக்கு மட்டும் வைத்திருக்கிறார்கள். இரும்பும் எஃகும் உருக்கிய உலைகளைத் தோண்டி எடுத்த ஈரோடு மாவட்டத்துக் கொடுமணல் இங்கிருந்து எவ்வளவு தூரம், மலையிறங்கினால் ஒரே நாளில் போய் வந்துவிடலாம். இதையெல்லாம் தேடிப் படித்துவிட்டுச் செய்திருக்கிறார்கள் என்று தெரிகிறது. யானை வில்வீரர்களும் மற்றவர்களைவிட வேகமாக எய்வார்கள், காயம்பட்ட யானைக்கு உடம்பு தானாகத் தேறுகிற மாதிரியும் ஒன்று உண்டு. தெப்பக்காட்டில் மாவுத்தர்கள் யானைக்கு ராகி உருண்டை கொடுப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு அது கூடுதலாகவே பிடிக்கும்.

அதற்கும் புகார் வந்தது. வரத்தான் செய்யும், வந்ததில் நியாயமும் இருந்தது. திராவிடருக்கு நல்ல குதிரைப்படை கிடையாது, நைட் என்கிற கவசக் குதிரைவீரன் கிடையாது. தமிழ் மன்னர்கள் கடல் வழியாக அரபு நாட்டிலிருந்து குதிரை இறக்குமதி செய்துதான் ஓட்டினார்கள் என்பதால் வரலாற்றுப்படி அது பொருந்துகிறது. ஆனால் போட்டிகளில் எல்லோரும் ஆடுவது திறந்த நிலம், அங்கே குதிரை இல்லாமல் நின்றால் ஓட ஓட அடிப்பார்கள். தண்ணீர் மேப்பில் ராஜா, தரையில் தடுமாற்றம். "எங்களைச் சேர்த்தீர்கள், சந்தோஷம், ஆடித் தோற்பதற்கா சேர்த்தீர்கள்" என்று நம்மவர்கள் பலர் கேட்டார்கள், அப்புறம் வந்த அப்டேட்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்துகொண்டு வருகிறார்கள். பெயரைப் பற்றியும் சண்டை. தமிழர் என்றோ சோழர் என்றோ வைத்திருக்கலாம் என்று ஒரு கூட்டம், தெற்கு முழுவதற்கும் பொதுவாக இருக்கட்டும் என்று இன்னொரு கூட்டம். எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், ஹொய்சள வீரனும் காகதீய வீரனும் தமிழில் பதில் சொல்வது கன்னடக்காரனுக்கும் தெலுங்குக்காரனுக்கும் நியாயமே இல்லை. இந்தி பேசிய வில்லேஜரைப் பார்த்து நமக்கு இருந்த அதே குறை இன்று அவர்களுக்கு. அவர்கள் கேட்டால் நான் கூட நின்று கேட்பேன்.

நீ பார்த்த பெரிய சண்டை இதற்குப் பிறகு வந்தது. 2025 மே 6-இல் 'தி த்ரீ கிங்டம்ஸ்' வெளியானது, ஐந்து புது இனங்கள். அதில் ஜுர்ச்சென், கிதான் என்ற இரு மக்களையும் பலரும் வரவேற்றார்கள். மற்ற மூன்றும் ஷூ, வூ, வெய். இவை மூன்றாம் நூற்றாண்டுச் சீனாவில் ஒரே மக்களுக்குள் மோதிக்கொண்ட மூன்று அரசுகள். இந்த கேம் ஆரம்பத்திலிருந்தே பெரும்பாலும் மக்களைத்தான் இனமாக வைத்திருக்கிறது, அரசையோ வம்சத்தையோ அல்ல. திராவிடர் என்று பெயர் வைத்ததுகூட அந்த விதிப்படிதான், சோழர், பாண்டியர், சேரர் என்று பிரிக்காமல். காலமும் ஒத்துவரவில்லை, ரோம் விழுந்த பிறகான உலகம்தான் இந்த கேமின் களம். அதோடு கோட்டையிலிருந்து சாவ் சாவ், லியு பெய் மாதிரி பெயர் உள்ள நாயகர்களைப் போட்டி ஆட்டத்திலேயே இறக்கலாம் என்று வைத்துவிட்டார்கள். இத்தனைக்கும் 2024 நவம்பரில் பழைய கிரேக்கத்தை 'க்ரானிக்கிள்ஸ்' என்று தனிப் பிரிவாக வைத்து, அந்த இனங்களைப் போட்டி ஆட்டத்தோடு கலக்காமல் விட்டவர்கள் இவர்களே. இதையும் அங்கேயே வைத்திருக்கலாமே என்பதுதான் ரசிகர்கள் கேட்டது. பெரிய கேள்வி இல்லை, நேர்மையான கேள்வி.

நாயகர்கள் விஷயத்தில் நான் முழுக்க ரசிகர்கள் பக்கம். ஒரு ஈட்டிக்காரன் செத்தால் இன்னொரு ஈட்டிக்காரன் வருவான், யாரும் தனி ஆள் இல்லை, மொத்தக் கூட்டமும் சேர்ந்துதான் ஜெயிக்கும், இதுதான் இந்த ஆட்டத்தின் அழகு. நடுவில் ஒரு பெயர் பெற்ற வீரன் வந்து நின்றால் அது வேறு ஆட்டம். ஆனால் செய்தவர்களைக் குடும்பத்தோடு இழுத்துத் திட்டினார்களே சிலர், அதைப் படிக்கவே கஷ்டமாக இருந்தது. அவர்களும் ஒரு காலத்தில் ராத்திரி கண் விழித்து இதே கேமை ஆடியவர்கள்தானே.

நிஜமாகவே வயிறு எரிய வேண்டிய புதுப்பிப்பு ஒன்று உண்டு, வார்கிராஃப்ட் 3 என்ற இன்னொரு பழைய கேமுக்கு நடந்தது. 2020 ஜனவரியில் 'ரீஃபோர்ஜ்டு' என்று விட்டார்கள், மேடையில் காட்டிய காட்சிகள் பல வரவில்லை, அதைவிட மோசம், புதுசை வாங்காதவனிடம் இருந்த பழைய கேமும் அதே புது மென்பொருளாக மாறிவிட்டது, முன்பு இருந்த வசதிகள் சிலவும் போய்விட்டன. கடைசியில் கேட்டவர்களுக்கெல்லாம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். பழைய வீட்டை இடித்துவிட்டுப் புது வீட்டை அரைகுறையாகக் கட்டிக் கொடுத்த மாதிரி. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸில் அப்படி நடக்கவில்லை, நடக்க விடாமல் பார்த்துக்கொண்டது இந்தச் சத்தம் போடுகிற கூட்டம்தான் என்பது என் எண்ணம். 2022 அக்டோபரில் ஜெர்மனியில் ஹைடல்பெர்க் கோட்டைக்குள்ளேயே இந்த கேமின் போட்டியை நடத்தினார்கள், வீடியோவை எடுத்துப் பார், அந்தக் கல் சுவர்களுக்கு நடுவே ஒரு ஆட்டு மந்தை திருட்டுக்குக்கூட ஆட்கள் எழுந்து நின்று கத்துகிறார்கள். இவ்வளவு நேசிக்கிறவனுக்குக் கோபமும் வரும்.

அதனால் பயப்படாமல் பையனுக்கு வாங்கிக் கொடு. டெஃபினிட்டிவ் எடிஷன் முதலில், ஸ்டீமில் தள்ளுபடி வரும்போது டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா, த்ரீ கிங்டம்ஸ் இப்போதைக்கு வேண்டாம். முதல் நாளே ராஜேந்திரனில் இறக்காதே, கஷ்டமாக இருக்கும், வெறுத்துவிடுவான். வில்லியம் வாலஸ் கேம்பெயின் அப்படியே இருக்கிறது, நாம் கற்றுக்கொண்டதும் அதில்தான். தட்டினால் குறுக்குவழியில் தங்கம், உணவு கொடுக்கிற சீட் கோடு எல்லாம் இன்னும் வேலை செய்கிறது, ஆனால் 'ராபின் ஹூட்' பற்றி அவனிடம் மூச்சு விடாதே, காட்டுப்பன்றியை டவுன் சென்டர் வரைக்கும் இழுத்துக்கொண்டு வரவாவது கற்றுக்கொள்ளட்டும்.

நாம் மூவரும் சேர்ந்து கம்ப்யூட்டருக்கு எதிராக ஒரு ஆட்டம் போடலாம். ராத்திரி வேண்டாம், இங்கே மழைக்காற்றுக்கு மரம் விழுந்தால் கேபிளும் கரண்ட்டும் சேர்ந்தே போகிறது. ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் என்றால் எனக்குத் தோட்டத்திலும் வேலை இருக்காது. பிளாக் ஃபாரஸ்ட் மேப், நீ வழக்கம்போல ஃபிராங்க்ஸ் எடு, நமக்குக் குதிரை வேண்டும். எந்த ஞாயிறு என்று மட்டும் சொல், கேமில் நானே அறை திறந்து வைக்கிறேன். அம்மா உன்னையும் தங்கச்சியையும் கேட்டதாகச் சொல்லச் சொன்னார், வரும்போது வர்க்கி எத்தனை கிலோ வாங்கி வைக்க என்றும் கேட்கிறார்.

அன்புடன்,
உன் கோத்தகிரி மாப்ள